கரையில் நின்றவள்

அந்த மலையில் வெள்ளைச்சிக்குத் தெரியாத மடு கிடையாது. அவளிடம் ஆற்று நீச்சல் கற்க வந்த அருமைநாதன் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நகரத்து நீச்சல் குளங்களில் பதக்கங்கள் வாங்கியவர். ஓடும் தண்ணீர்தான் அவருக்குப் புதிது.

அன்று காலை இருவரும் ஆற்றில் இருந்தார்கள். நல்ல வெயில். திடீரென்று வெள்ளைச்சி நீந்துவதை நிறுத்தினாள். காய்ந்த சருகுகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன.

“ஐயா, கரையேறுங்க.”

“நடுப்பாறையைத் தொட்டுட்டு வந்துடறேன். இன்னும் பத்து வீச்சுதான்.”

“மேல மழை பெஞ்சிருக்கு. ஏறுங்க!”

அவள் கரையேறிவிட்டாள். அவர் பாறையைத் தொட்டுவிட்டார். திரும்பியபோது ஆறு செம்மண் நிறமாகியிருந்தது. மேலே இரைச்சல் கேட்டது. அவசரமாகப் பாறைமேல் தொற்றி ஏறினார்.

பாறைக்கும் கரைக்கும் நடுவே ஒரு மரம் வேரோடு உருண்டு போனது.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பிறகு முழங்காலை.

“அம்மா! குதிச்சிடவா?” கற்றுத்தருபவளை அவர் அப்படித்தான் அழைப்பார்.

“கூடாது! பாறையைப் பிடிங்க! விடாதீங்க!”

பாறையின் உச்சியில் ஒரு வெடிப்பு இருந்தது. குனிந்து அதில் விரல்களைச் செருகிக்கொண்டார்.

வெள்ளைச்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நின்றாள். பின்வாங்கிக் கரையேறினாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை இறங்கினாள். மறுபடியும் ஏறிவிட்டாள்.

அருமைநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘பயந்துவிட்டாள்’ என்று நினைத்தார். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டபோதும் உள்ளே கோபம் எரிந்தது.

அதன்பின் அவள் இறங்கவே இல்லை. ஊர் இரண்டு மணி நேர நடை. ஆள் கூப்பிடவும் போகவில்லை. அவர் தலை சாயும்போதெல்லாம் “ஐயா!” என்று கத்தினாள். தொண்டை கட்டிப்போனதும் கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

பிற்பகலில் வெள்ளம் தணிந்தது. பாறை முழுதாகத் தெரிந்த உடனே அவள் நீந்தி வந்தாள். மரத்துப்போன அவர் விரல்களை ஒவ்வொன்றாக வெடிப்பிலிருந்து பிரித்தெடுத்தாள். தோளில் சாய்த்துக் கரை சேர்த்தாள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினாள்.

நெடுநேரம் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ரெண்டு தடவை இறங்கினீங்க,” என்றார் கடைசியில். “ரெண்டு தடவையும் ஏறிட்டீங்க.”

“ஆமா.”

“பயமா?”

“பயம்தான்.” அவள் குரல் காற்றாக வந்தது.

“அப்ப என் உயிர்?”

வெள்ளைச்சி அவர் கையை எடுத்துத் தீயருகே பிடித்தாள். நகக்கண்களில் ரத்தம் உறைந்திருந்தது.

“நான் வந்திருந்தா பாதியிலேயே ஆறு என்னை அடிச்சுட்டுப் போயிருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு நீங்க பாறையில நின்னிருக்க மாட்டீங்க, ஐயா.”