செல்லோ வாசித்தவர்

குருவைத் தேடிக் காட்டுக்கும் மலைக்கும் போனவர்கள் உண்டு. இருதயராஜ் போனது சென்னைச் சாலிகிராமத்துக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய ஏசி அறை, இரண்டு பெரிய திரை, ஒரு கீபோர்டு, அதன் முன்னால் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் தமயந்தி. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் குருவுக்குச் சீடரைவிட வயதும் குறைவு.

தமயந்தி சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவர். இருதயராஜ் ஒருகாலத்தில் திண்டுக்கல்லில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு முழு இசைக்குழுவைக் கணினிக்குள்ளேயே எழுப்புகிற வித்தையை அவர் மாசச் சம்பளத்துக்கு வந்து சேர்ந்த இந்த அறையில்தான் கற்றுக்கொண்டார்.

வித்தை என்னவென்றால், வெளிநாட்டில் ஏதோ ஒரு மண்டபத்தில் வயலின், அதைவிடப் பெரிய உடம்பும் கனத்த குரலும் கொண்ட செல்லோ, குழல் என்று ஒவ்வொன்றையும் சுரம் சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து மூட்டை கட்டி விற்கிறார்கள். சாம்பிள் என்று பெயர். வாங்கிப் போட்டுக்கொண்டு கீபோர்டில் ஒரு விரலை வைத்தால் போதும், ஒரு கூட்டம் வயலின் எழுந்து நிற்கும். ஆனால் எழுந்து நிற்பதெல்லாம் இசையாகிவிடாது. அதற்குக் கை வேண்டும்.

அந்தக் கை இருதயராஜுக்கு இருந்தது. தாளத்தில் அச்சாக விழும் சுரங்களை மயிரிழை தள்ளி வைப்பார். இல்லாவிட்டால் இயந்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். வயலின்களை இடப்பக்கம், செல்லோவை வலப்பக்கம், ஊதுகிறவர்களைப் பின்னால் என்று ஆள் பார்த்து உட்கார வைப்பார். மண்டபத்தின் எதிரொலியைச் சமையலில் உப்புப் போடுவதுபோலக் கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பார். தமயந்தி வாட்ஸ்அப்பில் ஒரு மெட்டை முணுமுணுத்து அனுப்புவார். மறுநாள் அதை ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். கீழே தமயந்தியின் பெயர் இருக்கும். தொழில் வழக்கம் அப்படி. இருதயராஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்தப் படத்தில்தான் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டார். சுடுகாட்டுக் காட்சிக்கு இசை வேண்டியிருந்தபோது தமயந்தி ஹைதராபாத்தில் இன்னொரு படத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். முணுமுணுக்கக்கூட நேரமில்லை. மெட்டு, கோர்ப்பு, கலவை எல்லாமே இருதயராஜ். திரும்பி வந்து கேட்ட தமயந்தி, "இது முழுக்க உங்களோடதுதான் சார்" என்றார். பாவம் மனிதர், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனைவியையும் மகளையும் படத்தின் முதல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர் வந்தது. வண்டி ஓட்டினவர்கள் பெயர் வந்தது. திரை இருண்டு விளக்கெல்லாம் போட்டாயிற்று. மனைவி செலின் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"நான் நடுவுல கண்ணைக் கசக்கிட்டேன்பா. உங்க பேர் அப்போ போயிருக்கும்" என்றாள் மகள்.

அந்தச் சமாதானத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பத்துப் பேருக்கு முன்னால் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் படியேறும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்ததும் பாதி மறந்துபோயிற்று.

"நேத்து சுடுகாட்டுக் காட்சியில பக்கத்துல இருந்தவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார் மேடம்."

"டைரக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே அழுதுட்டார்."

"அது நான் பண்ணினது."

"ஆமா."

"என் பேர் வரல."

தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஏன்னு கேக்கறீங்களா சார், இல்ல போடுங்கன்னு கேக்கறீங்களா?"

"ஏன்னுதான் கேக்கறேன்."

"அந்தக் காட்சியைத் திறங்க."

திறந்தார். மற்ற வாத்தியங்களையெல்லாம் அடைத்துவிட்டுச் செல்லோவை மட்டும் வைக்கச் சொன்னார் தமயந்தி. எல்லாரையும் அழவைத்த அந்த ஒற்றைச் செல்லோ தனியாக ஒலித்தது.

"முதல் சுரத்துக்கு முன்னாடி வெட்டியிருக்கீங்களே, அது என்ன?"

"அழுக்கு மேடம். சாம்பிள்லயே இருக்கு. அந்த ஒரு சுரத்துல மட்டும் வாசிச்சவர் மூச்சு இழுக்கிறது விழுந்திருக்கு. எங்க வந்தாலும் சுத்தமா எடுத்துடுவேன்." தொழில் தெரிந்தவனின் சின்னப் பெருமை குரலில் எட்டிப்பார்த்தது.

"திரும்ப வைங்க."

வைத்தார். ஓடவிட்டார். யாரோ ஒருவர் மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு வில்லைத் தந்தியில் வைத்தார்.

"ஆணா, பொண்ணா?" என்றார் தமயந்தி.

"தெரியலயே மேடம்."

"பேரு?"

"அதெல்லாம் எப்படித் தெரியும்? கம்பெனி பேர் மட்டும்தான் போட்டிருக்கும்."

"இன்னும் வாசிச்சிட்டு இருக்காரா? உயிரோட இருக்காரா, இல்லையா?"

இருதயராஜ் தோளைக் குலுக்கினார்.

"நம்ம படம் எதெதுல வாசிச்சிருக்கார்?"

"எல்லாத்துலயும்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச செல்லோ."

"நேத்து ஜனங்க அழுதது மெட்டுக்கா, இவர் கைக்கா?"

"மெட்டு என்னோடது மேடம்!"

"இல்லைன்னு நான் சொல்லலயே."

இருதயராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நியாயம் கேட்க வந்தவனை ஊர் பேர் தெரியாத ஒரு மூச்சைக் காட்டி ஏமாற்றி அனுப்பப் பார்க்கிறார் இந்த அம்மா என்று நினைத்தார். வருஷக்கணக்கில் மென்று விழுங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

"அவர் கதை இப்ப எதுக்கு மேடம்? வந்தார், வாசிச்சார், காசை வாங்கிட்டுப் போனார். இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் போயிருப்பார். அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவர் பேரை எங்க போட்டீங்கன்னு யாராவது கேப்பாங்களா?"

தமயந்தி அந்த மூச்சை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

"இந்த மாசச் சம்பளம் உங்களுக்கு வந்துடுச்சில்ல சார்?"