சுடுபாறையில் விழுந்த நிழல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். பெயரைக் கேட்காதீர்கள், அவனை நினைவில் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் கோட்டை வாசலுக்கு எதிரே ஒரு கரும்பாறை. குற்றவாளிகளை விடிந்ததிலிருந்து அந்தி வரை அதன்மேல் கட்டி உட்கார வைப்பார்கள். போன சித்திரையில் ஒரு குயவன் உச்சிவேளைக்குள் செத்துப்போனான். அதே நேரத்தில் சபையில் விகடகவி ஆவுடையான் கதை சொல்ல, அரசன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஆவுடையானுக்கு அது ஆறவே இல்லை.

இந்த வருஷம் மாட்டிக்கொண்டவன் ஏரியின் மடைக் காவலன் சடையன். கோடை மழையில் ஏரி தளும்பியபோது, ஆணைக்குக் காத்திராமல் மதகைத் திறந்துவிட்டான். கரை உடையாமல் மூன்று ஊர் பிழைத்தது. அரசனின் மல்லிகைத் தோட்டம் மூழ்கியது. அதற்குத்தான் பாறை.

தளவாய் வீரகேசவனுக்கு ஆவுடையான்மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். “அரசே, காவலுக்கு விகடகவியையே நிறுத்துங்கள். குற்றவாளிக்கு யார் உதவினாலும் காவலன் தலை போகட்டும்” என்றான்.

“நல்ல வேடிக்கை!” என்றான் அரசன்.

தளவாய் தானே ஓலை எழுதி, அரச முத்திரையிட்டுப் பறையறைவித்தான்: “மூன்று ஊராரும் பாறையருகே வந்து நின்று, குற்றவாளியைக் குனிந்து உற்றுப் பார்த்துப் பயப்படவேண்டும்!”

மறுநாள் வெயில் ஏற ஏறப் பாறை கொதித்தது. ஆவுடையான் சடையனுக்குக் கிழக்கே போய் நின்றான். அவன் நிழல் சடையன்மேல் விழுந்தது.

“சாமி, போயிருங்க. ஒங்க தலையும் சேந்து போயிரும்” என்று முனகினான் சடையன்.

“காவல்காரன் வேறெங்கேடா நிற்பான்? பேசாமல் இரு.”

உச்சிவேளையில் நிழல் காலுக்குள் சுருங்கிவிட்டது. சடையன் தலை தொங்கியது. குயவன் போன வேளை அதுதான். ஆவுடையான் ஊராரைப் பார்த்துக் கத்தினான்: “பறை காதில் விழவில்லையா? எட்ட நின்று பார்த்தால் ஆணையை மீறியதாகும்! கிட்டே வாருங்கள், நன்றாகக் குனியுங்கள்!”

மூன்று ஊர் சனமும் வந்து சுற்றி நின்று குனிந்தது. தலையோடு தலை சேர்ந்து, வெயில் உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று. யாரும் கை நீட்டவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. கால் மாற்றி மாற்றி, பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தியில் சடையன் உயிரோடிருந்தான். தளவாய் சபையில் குதித்தான்: “இது உதவிதான், அரசே!”

“தொட்டேனா? ஊட்டினேனா? நின்றேன், அவ்வளவுதான்” என்றான் ஆவுடையான்.

அரசன் விருந்தாளியாக வந்திருந்த ஆங்கிலேய வணிகரைப் பார்த்தான். “நீர் வெளியாள். நிற்பது உதவியாகுமா?”

வணிகர் சூது அறியாதவர். “எங்கள் மொழியில் உதவுவதை அசிஸ்ட் என்போம், அரசே. ரோமாபுரியின் பழைய பேச்சிலிருந்து வந்த சொல். ஒருவர் பக்கத்தில் போய் நிற்பதுதான் அதன் முதல் பொருள்.”

“கேட்டீர்களா! வெட்டுங்கள் தலையை!” என்றான் தளவாய்.

ஆவுடையான் நிதானமாகச் சொன்னான்: “அப்படியே ஆகட்டும். ஆனால் நான் ஓர் ஆளாக நின்றேன். மூன்று ஊரையும் வந்து நிற்கச் சொல்லி ஓலை எழுதியவர் தளவாய். என்னைவிடப் பெரிய உதவி அவருடையது. ஓலையில் இருப்பது தங்கள் முத்திரை. எந்தத் தலையிலிருந்து தொடங்குவது என்று தாங்களே சொல்லுங்கள்.”

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பிழைத்துப் போ! சடையனும் போகட்டும். பரிசு கேள், எதுவானாலும் தந்தேன்!”

ஆவுடையான் சிரிக்கவில்லை. “இனி அந்தப் பாறையில் யாரைக் கட்டினாலும், அந்திவரை தாங்களும் பக்கத்தில் நிற்கவேண்டும்.”

அரசன் சிரிப்பு பாதியில் நின்றது. சொன்ன சொல் சபையறியச் சொன்னது. திரும்பப் பெற வழியில்லை.

சடையனின் தொடையும் உள்ளங்காலும் வெந்துபோயிருந்தன. மதகடிக்கு நடந்துபோக நான்கு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு, அந்த அரசன் இருந்தவரை, சுடுபாறையில் யாரையும் கட்டவில்லை.