சகாயம் செய்த தெரு

ரொம்ப முந்தியும் இல்லை, நேற்றும் இல்லை. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தணிகாசலம் என்று ஒரு கேம் சென்டர் முதலாளி இருந்தாராம். அவரிடம் வேலை பார்த்த சகாயம், ஒரு கார் பந்தய விளையாட்டை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்த தன் லேப்டாப்பில் மாற்றி, தான் குடியிருந்த தெருவையே அதற்குள் கொண்டுவந்திருந்தான். பிறகு வெள்ளம் வந்து தெருவைக் கொண்டுபோனது. அவனையும் கொண்டுபோனது. சென்டரில் இருந்த லேப்டாப் மட்டும் தப்பியது.

அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்பவர்களுக்கான ஒரு போட்டிக்கு எடுக்க அதன் நடுவர் வந்தார். "லினக்ஸ்லயே ரெண்டு வருஷம் கெடந்து நான் செஞ்சது சார்" என்றார் முதலாளி.

சென்டரைப் பெருக்கிக்கொண்டிருந்த சகாயத்தின் அக்கா ஞானசெல்வம் நிமிர்ந்தாள். "என் தம்பி செஞ்சது சார். அவன் பேரைப் போடுங்க."

"பெருக்கறவளுக்கு லினக்ஸ் தெரியுமோ? நான் செய்யலேன்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

அவள் தம்பியின் லேப்டாப்பை எடுத்து வந்து வைத்தாள். "எனக்கென்னங்க தெரியும் முதலாளி. நீங்களே ஓட்டிக் காட்டுங்க. கறுப்புத் திரையில பாஸ்வேர்டு கேக்கும், இந்தச் சீட்டுல இருக்கு."

முதலாளி அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஓங்கி அடித்தார். "கீபோர்டு செத்துப்போச்சு சார்."

"லினக்ஸ்ல இந்த இடத்துல பாஸ்வேர்டு அடிச்சா எதுவுமே தெரியாதுங்க" என்றார் நடுவர் மெதுவாக. "ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூடவா நீங்க பாக்கல?"

ஞானசெல்வம் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அடித்து, எண்டரைத் தட்டினாள். தெரு திறந்தது.

முதலாளி உள்ளே போய்விட்டார். நடுவர் சகாயத்தின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார். திரையில் அக்காவும் தம்பியும் இருந்த வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஞானசெல்வம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடி இடுக்கிக்கொண்டு நடந்தாள்.