சந்தனம் பூசிய மூன்றாவது பிளக்

சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சி, வாழ்நாளில் தன் பேரில் வைத்திருந்த ஒரே வாகனம் ஒரு சைக்கிள். அதற்கும் காற்றடிக்க ஆள் வேண்டும். ஆனால் கார் என்ஜின் என்று யாராவது பேச்செடுத்துவிட்டால் போதும், அந்தச் சைக்கிளை அடியோடு மறந்துவிடுவார்.

ஆயுத பூஜைக்கென்று பாளையங்கோட்டையில் மச்சினன் கைலாசம் வீட்டுக்கு வந்தவர், பூஜை முடிந்து மூன்று நாளாகியும் கிளம்பவில்லை. கைலாசத்தின் முப்பது வயசு காரும் அதே மூன்று நாளாக ஒழுங்காகக் கிளம்பவில்லை. ஸ்டார்ட் செய்தால் டக், டக், டக் என்று மூன்று சத்தம் போட்டு நாலாவதை முழுங்கியது. குளிர்ஜுரம் கண்டதுபோல் மொத்த வண்டியும் நடுங்கியது.

கைலாசத்தின் மனைவி வடிவுக்கு இது வேடிக்கையாக இல்லை. காலை பத்தரைக்கு அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். எல்.எல்.ஆர். இன்றோடு காலாவதி. ஏற்கெனவே இரண்டு தடவை போய்த் தோற்றாயிற்று. முதல் தடவை மழை. இரண்டாவது தடவை, மைதானத்துக்கு வெளியே நின்று "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திய கைலாசம். ஐம்பத்தோரு வயதில், கறிவேப்பிலை வாங்கக்கூட "ஏங்க, வண்டிய எடுக்கீங்களா" என்று கெஞ்சி அலுத்துப்போனவள் அவள். இந்த வண்டியில்தான் பழகினாள்; இதைத்தான் டெஸ்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் குலுங்கி நின்றால் இன்ஸ்பெக்டர் காரணமெல்லாம் கேட்கமாட்டார்.

மணி எட்டரை. வாசலில் பானெட் திறந்து கிடந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காபி டம்ளரோடு குற்றாலிங்கம் கொலுவிருந்தார். எதிர்வீட்டு ஜெபராஜ் சார் பேப்பரும் கையுமாக வந்து நின்றார். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். சும்மா சொன்னதை நம்பிப் பழக்கமில்லாதவர்.

"மாப்ளே, ஸ்டார்ட் பண்ணு" என்றார் குற்றாலிங்கம். கைலாசம் பண்ணினார். அண்ணாச்சி கண்ணை மூடிக் காதில் கை வைத்தார். "ம்... மிஸ்ஸிங். மூணாவது சிலிண்டர்."

"சத்தத்த வச்சே சொல்லிட்டீங்களா?" என்றாள் வடிவு.

"இதென்ன பெரிய விஷயம் தங்கச்சி? எம்பத்தெட்டுல கடையில உக்காந்து ஒரு குடத்துக்கு விலை சொல்லிட்டு இருக்கேன். தூரத்துல லாரிச் சத்தம். 'ஏல, அதுல ரெண்டாவது சிலிண்டர் இருமுது, போய் நிப்பாட்டுங்கல'ன்னேன். லாரி எங்க வந்துக்கிட்டு இருந்துது தெரியுமா? ராஜபாளையத்துல!"

"அது அங்கேருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குமே" என்றார் ஜெபராஜ் சார்.

"அன்னைக்குக் காத்து நம்ம பக்கம் வீசுச்சு" என்றார் அண்ணாச்சி, அடக்கமாக.

"அந்த லாரி இந்நேரம் போய்ச் சேந்திருக்கும் அண்ணாச்சி. இந்த வண்டியப் பாப்பமா?" என்றாள் வடிவு.

"பாக்கத்தானே போறோம். சிவகிரிப் பக்கம் ஒரு மிராசுதார் காருக்கும் இதே கேஸ். நடுக்காட்டுல கேஸ்கெட் போயிட்டு. என் கையில கால் கிலோ அல்வாதான் இருந்துது. கேஸ்கெட் இருந்த எடத்துல அல்வாவத் தட்டிப் போட்டு நட்ட இறுக்குனேன். வண்டி காசிக்குப் போயிட்டு வந்துட்டு! சைலன்சர்ல ஒரே நெய் வாசம். ஊருக்கு ஊரு சனங்க வாழையிலைய எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடி வந்தாங்க."

"போன தீவாளிக்கு அரைக் கிலோன்னீங்களே அத்தான்" என்றார் கைலாசம்.

"போறதுக்குக் கால், வாரதுக்குக் கால். கணக்குத் தெரியாமப் பேசாத மாப்ளே."

வடிவு உள்ளே போனாள். டாஷ்போர்டில் கிடந்த காரின் ஆங்கிலப் புத்தகத்தை அவள் நேற்றே எடுத்து வைத்திருந்தாள். முப்பது வருஷமாக ஒருத்தரும் பிரிக்காததால் அது கடையில் வாங்கிய மேனிக்கே இருந்தது. கான்வென்டில் ஸ்கேலால் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் ஒருநாளாவது உதவட்டுமே. 'மிஸ்ஃபயர்' என்ற பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகியபடி வெளியே வந்தாள்.

அங்கே அண்ணாச்சி காசியிலிருந்து மின்சாரத்துக்கு வந்திருந்தார். "...நான் வச்சேன் பாருங்க பிளக்கு, அப்படி ஒரு தீப்பொறி! ஊர்ல கரண்ட் கட்டு. பிளக் வயர உருவி லைட் கம்பத்துல ஒரு தொடு தொட்டேன். பாதி சங்கரன்கோவிலுக்கு லைட்டு எரிஞ்சுது. மூணு ரைஸ்மில்லு ஓடுச்சு!"

ஜெபராஜ் சாருக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஆபீஸ் ரெக்கார்டுல அப்படி ஒண்ணுமே இல்லியே அண்ணாச்சி."

"எப்படி இருக்கும்? உங்க மீட்டர் பூராவும் பின்பக்கமா ஓடிட்டே!"

மணி ஒன்பது. "ஏங்க, ஸ்டார்ட் பண்ணி அப்படியே விடுங்க" என்றாள் வடிவு. என்ஜின் நடுங்க ஆரம்பித்தது. முதல் பிளக்கின் வயரை உருவினாள். என்ஜின் இன்னும் தள்ளாடியது. திரும்ப மாட்டினாள். இரண்டாவதை உருவினாள்; அதே தள்ளாட்டம்.

"ஆலங்குளத்துல ஒரு கல்யாண வண்டி" என்று அண்ணாச்சி குரலை உயர்த்தினார். "மிஸ்ஸிங் நிக்கவே இல்ல. கோவத்துல என்ஜினையே கழத்தி வேப்பமரத்தடியில வச்சிட்டேன். டிரைவருக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டான். வண்டி பழக்க தோஷத்துல கோவில்பட்டி வரைக்கும் ஓடிட்டு! அங்க எவனோ பானெட்டத் தொறந்து பாத்துட்டான். அப்பந்தான் நின்னுது. தொறந்திருக்கவே வேண்டாம்."

வடிவு மூன்றாவது வயரை உருவினாள். என்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை. மாட்டினாள். அப்போதும் இல்லை.

"இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான். நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி" என்றாள். "ஆஃப் பண்ணுங்க. பிளக் ஸ்பேனர எடுங்க."

முதல் தடவையாக அண்ணாச்சியின் பேச்சு நின்றது. காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அதத் தொடாதம்மா, சூடு. மெக்கானிக்கு யாரையாவது..."

"ராஜபாளையம் லாரியவே கடையில உக்காந்து பாத்தவரு நீங்க இருக்கும்போது மெக்கானிக்கு எதுக்கு அண்ணாச்சி?"

ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். பிளக் கழன்று கைக்கு வந்தது. தீப்பொறி பாயவேண்டிய அதன் நுனியில், பெட்ரோலில் ஊறிய சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். பக்கத்தில் ஒரு செவ்வந்தி இதழ்.

ஜெபராஜ் சார் பேப்பரை மடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அத்தான்," என்றார் கைலாசம் மெதுவாக, "பூஜையன்னைக்கு நீங்கதானே இதக் கழத்தித் தட்டுல வச்சீங்க? 'இதுதான் என்ஜினுக்கு உசிரு. ஸ்பேனருக்குப் பொட்டு வச்சிட்டு உசிருக்கு வைக்காம விடலாமா'ன்னீங்க. மறுநாள் நீங்கதானே மாட்டுனீங்க?"

"சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கலாமா மாப்ளே?"

வடிவு வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினாள். துணியால் அழுத்தித் துடைத்து, ஊதிக் காயவைத்து, பிளக்கைத் திரும்ப முடுக்கினாள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் நாலு சத்தத்தையும் வரிசையாகப் போட்டது. டாஷ்போர்டில் வைத்த பிள்ளையார்கூட ஆடவில்லை. "நீங்க வாய மூடிக்கிட்டு வாரதா இருந்தா வாங்க" என்று கைலாசத்தை ஏற்றிக்கொண்டு போனாள்.

ஒரு மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. டெஸ்ட் பாஸ். கைலாசம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. அண்ணாச்சியும்தான். "...வேணும்னுதான் சந்தனம் வச்சேன் ஜெபராஜ் சார். லைசென்ஸ் வாங்கப்போற பிள்ளைக்கு ரிப்பேரும் தெரியாண்டாமா? அதுவும் எப்படி வச்சேன்? சரியா மூணே மூணு நாளைக்கு மிஸ்ஸிங் வாரமாதிரி அளந்துல்லா வச்சேன்! ஒரு குந்துமணி கூடியிருந்தா நாலாவது நாளு ஆயிருக்கும்."

வடிவு இறங்கி வந்தாள். கார் சாவி வண்டியிலேயே தொங்கியது.

"அளவு தெரிஞ்ச கை அண்ணாச்சி உங்களுக்கு. அடுத்த பூஜைக்கு அதே அளவுல உங்க நாக்குக்கும் ஒரு பொட்டு வச்சுக்கிடுங்க. மூணு நாளு இந்த வீடு நிம்மதியா இருக்கும்." என்ஜினை அவள் அணைக்கவே இல்லை. "இப்ப பையை எடுத்து வண்டியில வைங்க. உங்கள சங்கரன்கோவில் பஸ்ஸுல ஏத்திவிட இனிமே நான் ஒருத்தரையும் கேக்க வேண்டாம்."