கொப்பரை வேகன்கள்

இரும்பாலைக்குள் ஓடும் ரயிலுக்கு வேகம் கிடையாது. மனுஷன் நடக்கிற வேகம்தான். ஆனால் அது இழுத்துப்போவது உருகிய இரும்பை. ஊதுலையின் வாயில் பிடித்து, கொப்பரை வேகன்களில் சுமந்து, எஃகுக் கூடத்தில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும்.

நாச்சியப்பன் வெளியே பெரிய லைனில் வருஷக்கணக்காகச் சரக்கு ரயில் ஓட்டியவர். மகள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இங்கே வேலைக்கு வந்தார். அவருக்கு வேலை பழக்கிக்கொடுத்தவள் ரெஜினா. அவருடைய கடைசித் தங்கை வயது. முதலில் கேலியாகத்தான் "டீச்சர்" என்று கூப்பிட்டார். பிறகு அந்தக் கேலி எங்கோ கழன்று போயிற்று.

ஒருநாள் வளைவில் வண்டி திரும்பும்போது, நிரம்பிய கொப்பரை லேசாகத் தளும்பியது. ஒரு கை அளவு இரும்பு சிந்தி, தண்டவாளத்தின் ஓரத்தில் பொறியாகச் சிதறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாச்சியப்பன் வண்டியை நிறுத்திவிட்டார். பிரேக் பிடியில் இருந்த கை வெடவெடவென்று ஆடியது.

"என்னால முடியாது டீச்சர். நீங்க எடுங்க."

வாக்கி டாக்கி கத்தியது: "ஏன் நின்னுட்டீங்க? இரும்பு உறைஞ்சா கொப்பரையே போயிடும்!"

"வர்றோம்," என்றாள் ரெஜினா. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவன் டீச்சர் நான். வெட்கமா இருக்கு."

அவள் கையுறையைக் கழற்றினாள். கையை அவர் முன்னால் நீட்டினாள்.

விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நாச்சியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குமா?"

"தினமும்தான் அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கை மெதுவாக, மிக மெதுவாகத் தளர்த்தினார். வேகன்கள் ஒன்றையொன்று முட்டாமல் நகர்ந்தன. எஃகுக் கூடத்தில் இரும்பு ஊற்றப்பட்டபோது இன்னும் தண்ணீராகத்தான் இருந்தது.

மத்தியானம் அவள் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை இருவரும் பங்கு போட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நாச்சியப்பன் கேட்டார்.

"இந்த நடுக்கம் எப்பத்தான் போகும் டீச்சர்?"

"எனக்கு ஒரு தடவை போச்சு."

"போச்சா!"

"ஆமா. இங்க வந்து கொஞ்ச வருஷத்துல. ஒருநாள் பார்த்தா கை கல்லு மாதிரி நிக்குது. நிறைஞ்ச கொப்பரையை இழுத்துக்கிட்டே பாட்டுப் பாடிட்டிருக்கேன்."

"அப்புறம்?"

ரெஜினா ஊறுகாயில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன் அண்ணே. நடுக்கம் திரும்பி வர்ற வரைக்கும் காலி வேகனைத்தான் இழுத்தேன்."