கொதிநீருக்குள் இறங்கிய பொடிசுகள்

அந்தக் காலத்தில் பாறைக்குள் இருந்த உயிர்களுக்கும் வாய் இருந்தது. அதைக் கேட்க மனிதர்களுக்குக் காதும் இருந்தது. கண்ணுக்கே தெரியாத உயிர்கள் அவை. ஒரு கடுகுக்குள் ஊரையே குடிவைத்துவிடலாம். பொடிசுகள் என்று பெயர். நிலத்துக்குச் சற்றுக் கீழே, பாறை இடுக்கில் தேங்கிய குளிர்ந்த நீரில் சுகமாக இருந்தன.

சுகம் என்று சொன்னேனே தவிர, ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. அத்தனையும் பயந்தாங்கொள்ளிகள். மேலே ஆடு தும்மினால்கூடக் கூட்டம் கூடிவிடும். பயப்படக் காரணமும் இருந்தது. நமக்கு மூச்சாக இருக்கும் காற்று அவற்றுக்கு நஞ்சு. பட்டால் சுருண்டு செத்துவிடும். ஆகவே சுனைச்சி என்ற ஒருத்தியைக் காவலுக்கு வைத்திருந்தன. அவள் பாறையில் காதை ஒட்டிக்கொண்டு மேலே நடப்பதையெல்லாம் கேட்பாள். கேட்டதைவிட அதிகமாகப் பயப்படுவாள்.

ஒரு கொடிய வறட்சியில் செங்கோடனும் அவன் மனைவி நாச்சக்காளும் தங்கள் வயல்காட்டில் கிணறு வெட்டினார்கள். ஊரில் பாதிப்பேர் மாடு கன்றோடு கிளம்பிப் போயிருந்தார்கள். இவர்களால் போக முடியவில்லை. கைக்குழந்தை துவண்டு கிடந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாச்சக்காளுக்குப் பாலும் வற்றிவிட்டது. செங்கோடன் குழிக்குள் வெட்டுவான். அவள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மேலே நின்று மண்கூடையை இழுப்பாள்.

கடப்பாரைச் சத்தம் நாளுக்கு நாள் நெருங்கியது. "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று சுனைச்சி கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நண்பகலில் கடப்பாரையின் முனை பாறையைத் துளைத்துவிட்டது. காற்று உள்ளே பாய்ந்தது. துளைக்குப் பக்கத்தில் இருந்தவை அங்கேயே சுருண்டன.

"நிறுத்துங்க சாமி! காத்து வருது! காத்து வருது!"

செங்கோடன் திகைத்து நின்றான். "ஆருங்க அது?"

"நாங்க பொடிசுக. இந்தத் தண்ணிதான் எங்க ஊடு. காத்து பட்டாச் செத்துருவோம். இப்பவே செத்துக்கிட்டு இருக்கறோம்!"

அவன் அவசரமாகத் தலையில் கட்டியிருந்த உருமாலையை அவிழ்த்துத் துளையை அடைத்தான்.

"ஏனுங்க, தண்ணி தெரிஞ்சுதுங்களா?" என்று மேலிருந்து நாச்சக்காள் கேட்டாள்.

"தெரிஞ்சுது புள்ள. ஆனா உள்ள உசுரு இருக்குது."

"மேலயும் ஒரு உசுரு இருக்குதுங்க! அழுகறதுக்குக்கூடத் தெம்பில்லாமக் கெடக்குது."

செங்கோடன் துளையை அடைத்த துணியில் வாயை வைத்தான். "கீழ எடம் இல்லீங்களா? கொஞ்சம் தள்ளிப் போயிக்கங்களே."

"கீழயா? கீழ கொதிக்குதுங்க சாமி! போனது ஒண்ணும் திரும்பி வரலை. திங்கறதுக்கும் கல்லுத்தான் இருக்குது."

அவன் கடப்பாரையைத் தூக்கினான். ஓங்க மனம் வரவில்லை. கீழே வைத்தான். வைக்கவும் மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதான்.

"அழுகறான். இனி அடிக்கமாட்டான். பொழச்சோம்" என்றன மற்றப் பொடிசுகள்.

சுனைச்சி மட்டும் காதை எடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் முனகல் நின்றுபோயிருந்தது. "கண்ணு, கண்ணு" என்று நாச்சக்காள் அதன் கன்னத்தைத் தட்டுவது மட்டும் கேட்டது. ஆயுள் முழுக்கச் சத்தம் கேட்டுப் பயந்தவள், ஒரு சத்தம் கேட்கவில்லையே என்று அன்றுதான் பயந்தாள். பொடிசாகப் பிறந்தவளுக்குப் பொடிசின் அழுகை நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா?

"எல்லாரும் கீழ எறங்குங்க" என்றாள்.

"செத்துருவோம் சுனைச்சி!"

"செத்தாலும் செத்துருவோம். எனக்கும் பயமாத்தான் இருக்குது. எறங்குங்க." சொல்லிவிட்டு, கொதிநீர் இருந்த வெடிப்புக்குள் அவளே முதலில் நுழைந்தாள்.

பதறித் துள்ளியவை வெந்துபோயின. அதைப் பார்த்த சுனைச்சி, "துள்ளாதீங்க. பயத்த உள்ளுக்குள்ளயே வெச்சுக்கங்க. மெதுவா, மெதுவா" என்றாள். அடங்கிக் கிடந்தவை பிழைத்தன. பசி தாங்காமல் பாறையை நக்கிப் பார்த்தன. குமட்டியது. ஆனாலும் வயிற்றில் நின்றது.

கடைசியாக அவள் வெடிப்பின் வாய்க்கு வந்து மேலே குரல் கொடுத்தாள். "சாமி, தொறந்துக்கங்க. ஆனா இதுக்கும் கீழ எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அடியில இருந்து கத்துனா இனி உங்களுக்குக் கேக்காது. இந்தக் கல்லத் திங்கறதால எங்ககிட்ட இருந்து அழுகுன முட்டை நாத்தம் வரும். அது வந்தா நாங்க இருக்கறோமுன்னு நிறுத்திக்கங்க."

"எம்புள்ள மேல சத்தியமுங்க. எங்க சனம் அதைத் தாண்டாது" என்றான் செங்கோடன்.

உருமாலையைப் பிடுங்கினான். குளிர்ந்த தண்ணீர் பீறிட்டது. துணியை நனைத்துக் கூடையில் வைத்து மேலே அனுப்பினான். நாச்சக்காள் அதைக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

கீழே அத்தனை ஆழத்துக்கு அந்த அழுகை எட்டவில்லை. குழந்தை பிழைத்ததா இல்லையா என்று சுனைச்சிக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

அன்று முதல்தான் பொடிசுகள் வெளிச்சமும் காற்றும் இல்லாத கொதிநீரில், கல்லைத் தின்றுகொண்டு, அசைந்தும் அசையாமல் உயிர் வாழ்கின்றன. ஆழத் துளையிட்டால் வெந்நீரோடு அழுகிய முட்டை நாற்றம் மேலே வருவதும் அன்று முதல்தான். அது வந்ததும் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், துளைப்பதை நிறுத்துவதில்லை.