கூகைப்பாறையில் பால் காய்ச்சிய ராஜா

வெகுகாலத்துக்கு முன்னால் மாவடி நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் கோபம் வந்தால் நிற்காது, பசி வந்தால் பொறுக்காது.

அவருடைய தலைநகரம் மாவடிப்பட்டணம். அந்த அரண்மனையில் பரம்பரை வழக்கம் ஒன்று உண்டு. காலையில் யாராவது வாசல் மணியை அடித்து முறையிட வேண்டும். ராஜா கேட்டுத் தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பு நிறைவேறிய பிறகுதான் இலையில் கை வைக்கலாம். பட்டம் கட்டும்போதே சத்தியம் வாங்கிவிடுவார்கள்.

பட்டணத்தில் முறையீட்டுக்கா பஞ்சம்? கோழி கூவுமுன் மணி அடிக்கும். அதிலும் மோர் விற்கிற மாரக்காள் வராத நாளே கிடையாது. "சாமி, பக்கத்து வீட்டுச் சாக்கடை என் வாசலுக்கு வருது!" என்று அவள் போடுகிற சத்தத்தில் அரண்மனைப் புறாவெல்லாம் பறக்கும்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சே! இது தலைநகரமா, சந்தைக்கடையா?" என்றார்.

இதற்காகவே காத்திருந்தார் கடம்பராயர். சபையில் பெரிய பிரபு, மந்திரி அம்பலவாணரைக் கண்டால் வயிறு எரிகிறவர். "பிரபு, ஆளே இல்லாத அந்தக் கூகைப்பாறைக் குன்றுக்குத் தலைநகரத்தை மாற்றிவிடுங்கள். காற்றுத் தவிர சத்தமே இருக்காது. ஜனங்கள் பின்னாலேயே குடிவந்து அடிவாரத்தில் கிடக்கட்டும். காலியாகிற பட்டணத்தில் நான் குதிரை லாயம் கட்டிக்கொள்கிறேன்" என்றார்.

ராஜா சரி என்று சொல்லிவிட்டார். அம்பலவாணர் யோசித்தார். கூகைப்பாறையில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தறியையும் தொட்டில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இத்தனை ஜனம் அங்கே போய் என்ன செய்யும்? வேண்டாம் என்று சொன்னால் ராஜாவுக்கு வீம்பு கூடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஆகட்டும் மகாராஜா," என்றார் மெதுவாக. "ஆனால் ஏழை குடிசை மாறினாலும் பால் காய்ச்சி, அங்கேயே பொங்கி ஒரு வாய் சாப்பிட்டால்தான் குடிபோனதாகச் சொல்வார்கள். நாளைக்குத் தாங்கள் அங்கே போய்ப் பொழுது சாய்வதற்குள் ஒரு கவளம் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டால் ஜனங்களை நானே மூட்டை கட்டச் சொல்கிறேன். என் முத்திரை மோதிரமும் கடம்பராயருக்கே. சாப்பிடாவிட்டால் பட்டணம் இருந்த இடத்தில் இருக்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. "நம் ராஜாவாவது, சாப்பிடாமல் இருப்பதாவது!" கடம்பராயர் மோதிரத்துக்கு விரலை நீவிக்கொண்டார்.

மறுநாள் பாறை மேல் பால் பொங்கியது. சமையற்காரர் தாண்டவன் வாழை இலையில் நெய்ச்சோறும் மிளகுக்குழம்பும் பரிமாறினார். ராஜா ஆசையாய்க் கையை நீட்டினார்.

"மகாராஜா, இன்றைய முறையீடு?" என்றார் அம்பலவாணர்.

நீட்டின கை நின்றது. மணியை அடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

கடம்பராயர் ஒரு சேவகனைப் பட்டணத்துக்கு விரட்டினார். அவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "வாசல்ல கூட்டமா நிக்கிறாங்க ஐயா. ஆனா இந்தப் பாறையில ஏறினா மூட்டு வலின்னு இன்னொரு முறையீடு சேந்துடுமாம். வரமாட்டேங்கிறாங்க."

"அப்படியானால் நானே முறையிடுகிறேன்!" என்றார் கடம்பராயர். "தாண்டவன் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டான் பிரபு!"

"நான் ருசி பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?" என்றார் ராஜா.

"பாருங்களேன்!"

"தீர்ப்புச் சொல்லாமல் எப்படியய்யா ருசி பார்ப்பது?"

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு கடம்பராயர் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு ஓடியது. "திருட்டு! திருட்டு! இதோ முறையீடு!" என்று குதித்தார்.

"குற்றவாளியைக் கொண்டு வந்து நிறுத்தும்!" என்றார் ராஜா ஆவலாக. கடம்பராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை பாறையாகத் தாவினார். குரங்கு அவரைவிட நன்றாகத் தாவியது. சோறு ஆறிப்போயிற்று. ராஜாவின் வயிறு முரசு கொட்டியது.

வெயில் இறங்குகிற நேரத்தில் புதருக்குள்ளிருந்து ஒரு குரல். "யாரு சாமி அங்க!" வந்தவள் மாரக்காள். அம்பலவாணர், 'போச்சு! இவள் சாக்கடையைச் சொல்வாள், ராஜா தீர்ப்புச் சொல்வார், பட்டணமே போச்சு' என்று மோதிரத்தைத் தடவிப் பார்த்தார்.

"வாம்மா தாயே, சீக்கிரம் சொல்லு! யார் மேல் முறையீடு?" என்று ராஜா கேட்டார்.

"உங்க மேலதான் சாமி!"

"என் மேலயா?"

"பின்ன? காலையிலேர்ந்து மணி அடிச்சுக் கை கடுத்துப்போச்சு. ஏன்னு கேக்க நாதியில்ல. பெத்தவன் இருக்கையிலேயே பிள்ளைய அநாதையாக்கினா அது குத்தமில்லையா?"

ராஜா பட்டணத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "குற்றந்தான் அம்மா. ராஜா வாசலுக்குத் திரும்ப வேண்டும். இதுவே தீர்ப்பு!" என்று சொல்லிக்கொண்டே சோற்றில் கை வைக்கப் போனார்.

"மகாராஜா!" என்று பாய்ந்தார் அம்பலவாணர். "தீர்ப்பு நிறைவேறட்டும். திரும்பிப் போன பிறகல்லவா சோறு!"

ராஜா அவரை முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "ஓய், நேற்றே இதைக் கணக்குப் போட்டுத்தான் பால் காய்ச்சச் சொன்னீரா?"

"ஆளே வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன் மகாராஜா. மாரக்காளை மறந்துபோனேன்."

அந்த இலைச்சோற்றை மாரக்காளுக்கே கொடுத்துவிட்டு, ராஜா வெறும் வயிற்றோடு பாறையிறங்கினார். பட்டணம் வந்து வாசல் மணியடியில் உட்கார்ந்து பழைய சோறும் மோரும் சாப்பிட்டார். அமிர்தம் என்றார். அம்பலவாணருக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். வெறுந்தலையோடு வந்த கடம்பராயரைப் பார்த்து, "உமக்குப் பட்டணந்தானே வேண்டும்? அதன் சாக்கடையையெல்லாம் இனி நீரே பார்த்துக்கொள்ளும்" என்றார்.

மறுநாள் கோழி கூவுமுன் மணி அடித்தது.

"சாமி! கடம்பராயர் சாக்கடையை மாத்திவிட்டாரு. இப்ப அது என் அடுப்படிக்கு வருது!"

ராஜா துள்ளி எழுந்தார். "தாண்டவா, இலையைப் போடு! மாரக்காள் வந்துவிட்டாள்!"